நகரம் நம்மிடம் கேட்பது

முன்பின் அறியாத ஒருவரைச் சந்திக்கும்போது, பெயருக்கும் முன்பாக நாம் கேட்பது ஊரைத்தான். "உங்களுக்கு எந்த ஊர்?" என்ற கேள்விக்குப் பதில் வந்ததும் அந்த மனிதர் நம் மனத்தில் ஓர் இடம் பிடித்து அமர்ந்துவிடுகிறார். ஆனால் அந்தப் பதில் எல்லா ஊர்க்காரரிடமிருந்தும் ஒரே குரலில் வருவதில்லை. மதுரைக்காரர் "மதுரை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படும் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. கோவைக்காரர் ஊரைச் சொன்ன கையோடு சிறுவாணித் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லாமல் இருக்கமாட்டார். சென்னையில் முப்பது ஆண்டு வாழ்ந்து, அங்கேயே வீடு கட்டி, பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்தவர்கூட, "இருக்கிறது சென்னை, சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம்" என்றுதான் தொடங்குவார்.

இந்த வேறுபாட்டை நாம் எளிதாகக் கடந்துபோய்விடுகிறோம். ஊருக்கு ஊர் குணம் மாறும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் எது அந்தக் குணத்தைச் செய்கிறது? பழமைதான் என்றால், சோழர் தலைநகராயிருந்த உறையூர் இன்று திருச்சியின் ஒரு பகுதியாக அடங்கியிருக்காது; பழையாறை கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமமாகச் சுருங்கியிருக்காது. செல்வம்தான் என்றால், தமிழகத்தின் பணமும் அதிகாரமும் குவிந்திருக்கும் சென்னையின் மனிதர் வேறோர் ஊரைத் தன் ஊர் என்று சொல்லமாட்டார். ஒரு நகரம் தன் மக்களுக்கு எதையெல்லாம் கொடுத்தது என்று கணக்கெடுத்துப் பார்த்தால் விடை கிடைப்பதில்லை. அது அவர்களிடம் எதைக் கேட்டது என்று பார்க்கத் தொடங்கினால்தான் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது.

மதுரையிலிருந்து தொடங்கலாம். அந்த ஊரின் வரைபடமே ஒரு பஞ்சாங்கம். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, எல்லாவற்றுக்கும் அப்பால் வெளி வீதி. மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்தார் என்று அந்த ஊரில் வழிவழியாகச் சொல்வார்கள். அதனால்தான் சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதிகளில் ஓடுகிறது. வெளி வீதி இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் அந்த மதில் இடிக்கப்பட்டது. இடித்துத் தரைமட்டமாக்குகிறவருக்கே அந்த நிலம் என்பது ஏற்பாடு. வேலையை நடத்தியவர்களின் பெயரால் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று இன்றும் வழங்குகிறது. தன்னைக் காத்து நின்ற மதிலைத் தன் கையாலேயே பெயர்த்து, அந்த இடத்தில் வீடு கட்டிக் குடியேறிய ஊர் அது. அதன் பெருமை மதிலில் இருந்ததில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பாண்டியர் போனார்கள். சுல்தான்கள் வந்து போனார்கள். நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றினார்கள், 1736-இல் அவர்கள் ஆட்சியும் முடிந்தது. கும்பினி வந்தது. இத்தனைக்கும் நடுவே ஆண்டுதோறும் சித்திரையில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் நடக்கிறது, செங்கோல் கொடுக்கப்படுகிறது. சித்திரை முதல் ஆவணி வரை அவள் ஆட்சி, ஆவணி முதல் சித்திரை வரை சொக்கநாதர் ஆட்சி. அரசர்களை இழந்த ஒரு தலைநகரம், இழக்கவே முடியாத ஓர் ஆட்சியைத் தனக்கு அமைத்துக்கொண்டது. இதை வெறும் சமயச் சடங்கு என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. யார் ஆண்டாலும் இந்த ஊர் யாருடையது என்பதில் ஐயம் வராமல் பார்த்துக்கொண்ட ஒரு கூட்டு மனத்தின் ஏற்பாடாகவே அது எனக்குப் படுகிறது.

அந்த மனம் எப்படிக் கட்டிக் காக்கப்படுகிறது என்பதை அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கண்ணால் காணலாம். ஒரு பெண் செம்பு நிறையச் சர்க்கரையை இட்டு, வாய்மேல் வாழை இலையைக் கட்டி, அதன்மேல் சூடம் ஏற்றி, கூட்டத்தின் இடிபாடுகளுக்கு நடுவே அந்தச் சுடர் அணையாமல் தூக்கிப் பிடித்து நிற்கிறாள். சற்றுத் தள்ளி, கருப்பசாமி வேடமிட்ட ஒருவர் ஆட்டுத்தோல் பையில் நிரப்பிய தண்ணீரைத் துருத்தியால் அழகர்மேல் பீய்ச்சுகிறார். அழகர்மலையிலிருந்து வைகைவரை வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கோ சமூகத்துக்கோ தெருவுக்கோ உரியது. இந்த இடத்தில் சாமி நிற்கும், இன்னார் வரவேற்பார், இன்னது படைக்கப்படும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் பொறுப்பு. குஜராத் பக்கத்திலிருந்து வந்து நெசவால் வேரூன்றிய சௌராஷ்டிரருக்கும் அதில் இடமுண்டு. வண்டியூரில் அழகர் துலுக்க நாச்சியார் வீட்டுக்குப் போகிறார் என்ற நம்பிக்கையும் அதில் உண்டு. வைகையில் தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் அணையிலிருந்து திறந்துவிடுவார்கள்; அப்போது அரசும் ஒரு மண்டகப்படிக்காரரைப்போல் தன் பங்கைச் செலுத்துகிறது. மதுரை தன் மக்களைப் பார்த்து வெறுமனே கண்டு களிக்கச் சொல்லவில்லை. உன் தோள் வேண்டும், உன் இரவுத் தூக்கம் வேண்டும், உன் வீட்டுச் சர்க்கரை வேண்டும் என்று கேட்கிறது. கேட்டதைக் கொடுத்தவருக்கு அந்த ஊர் தன்னுடையதாகிறது.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். கேட்பதன்மூலம் ஒரு நகரம் மனிதரைத் தன்னவராக்குகிறது என்றால், கேளாமல் விடுவதன்மூலம் அவரை அயலாராக்கவும் அதனால் முடியும். இதே மதுரையில், வீதிகளைக் கூட்டவும் பறையடிக்கவும் தேவைப்பட்ட மனிதர்கள் கோயில் வாசலைத் தாண்ட நூற்றாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் சில தலித்துகளையும் நாடார் சமூகத்தவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் சன்னதிக்குள் சென்றார்; பின்னாளில் அமைச்சரான கக்கன் அந்தச் சிலரில் ஒருவர். எதிர்ப்புக் கடுமையாக இருந்தது. அந்த நாளை ஓர் உரிமை மீட்கப்பட்ட நாளாகவே பெரும்பாலும் நினைக்கிறோம், அது சரிதான். ஆனாலும் அதற்கு இன்னோர் ஆழம் உண்டு. ஒரு மனிதனுக்கு இழைக்கப்படும் பெரிய அநீதி, அவனுக்குக் கொடுக்க மறுப்பது மட்டுமல்ல. அவன் கையிலிருந்து எதையும் வாங்க மறுப்பதும்கூட. உழைப்பைச் சுரண்டிக்கொண்டு, காணிக்கையை ஏற்காத ஓர் ஊர், அவனிடம் வேலையைப் பெற்றுக்கொள்கிறதே ஒழிய அவனைப் பெற்றுக்கொள்ளவில்லை. அந்த ஜூலை நாளுக்கு முந்தைய மதுரையின் பெருமையில் ஒரு பெரிய பள்ளம் இருந்தது. அதை ஊர் பார்க்க மறுத்தது, அவ்வளவுதான்.

கோயம்புத்தூருக்குப் போனால் காற்றே வேறு. அங்கே முடிசூடிய பேரரசின் நினைவு இல்லை. ஊரைக் கட்டியாளும் பெருங்கோபுரம் இல்லை. நொய்யல் எப்போதும் கரை புரண்டோடிய ஆறும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் அந்த ஊரைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலிசெய்தார்கள். அந்த அச்சத்தின் சாட்சியாகப் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. கொள்ளைநோய்க்குச் சாமி பெயர் வைத்த ஊர், அதோடு கைகட்டி நின்றுவிடவில்லை. நெரிசலைத் தளர்த்தப் புதிய குடியிருப்புகளை வகுத்தது. நகராட்சித் தலைவராயிருந்த ரத்தினசபாபதி முதலியாரின் பெயரில் ஆர்.எஸ்.புரம் எழுந்தது. மலையிலிருந்து சிறுவாணி நீரைக் கொண்டுவந்தது. இதற்கெல்லாம் முன்பே, 1888-இல், ஸ்டேன்ஸ் மில் தொடங்கியிருந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. ஆலைக்கு உதிரிப்பாகம் செய்யப் பட்டறைகள் வந்தன. பட்டறைகளிலிருந்து மோட்டாரும் பம்புசெட்டும் கிரைண்டரும் வந்தன. இருந்த இயற்கை வளத்தைக்கொண்டு அந்த ஊர் எழுந்தது என்பதைவிட, இல்லாதவற்றுக்கு விடை தேடித் தேடி எழுந்தது என்பதே பொருத்தம்.

அந்த ஊரின் குணத்தைச் சொல்லும் ஒரு செயலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1926-இல் பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர்கள் நால்வரும் குடும்பச் சொத்தைப் பிரித்துக்கொண்டபோது அதை நான்காகப் பிரிக்கவில்லை, ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு அறத்துக்கு. பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனையும் அந்தப் பங்கிலிருந்து கிளைத்தவை. பாகப்பிரிவினை என்றாலே உடன்பிறந்தவர் முகம் பார்க்காமல் போகும் நம் குடும்பங்களை நினைத்துப் பார்த்தால், அந்தப் பத்திரத்தின் கனம் தெரியும். ஊரையும் உடன்பிறந்த ஒருவனாக எண்ணி அவனுக்கும் ஒரு பாகம் எழுதிவைத்தார்கள். மதுரை தோளைக் கேட்டது என்றால், கோவை சம்பாத்தியத்தில் ஒரு பாகத்தைக் கேட்டது. திண்ணையில் உட்கார்ந்து ஊர்க் கதை பேசுகிறவரைவிட, பத்துப் பேருக்கு வேலை கொடுக்கிறவரை அந்த ஊர் மதிப்பதும் இதனால்தான்.

ஆனால் கேட்க மறந்ததும் அங்கே உண்டு. தொலைவிலிருந்து வரும் தண்ணீரைக் கொண்டாடிய ஊர், வாசலில் ஓடிய நொய்யலையும் அதோடு சங்கிலியாய்க் கோத்த குளங்களையும் சாக்கடைக்கு விட்டது. ஆற்றின் கீழ்ப்பகுதியில், திருப்பூருக்கு அப்பால் ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமானது. 2011-இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டி வந்தது. தயாரிப்பதில் பெருமை கொண்ட ஒரு வட்டாரம், தயாரித்தபின் எஞ்சுவதற்குப் பொறுப்பேற்கவில்லை. இப்போது குளங்களைத் தூர்வாரவும் கரை கட்டவும் மக்கள் இறங்கியிருப்பது, தாமதமாகவேனும், அந்த ஊர் தன்னிடம் புதிதாக ஒன்றைக் கேட்கத் தொடங்கியிருப்பதன் அடையாளம்.

சென்னையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1639 ஆகஸ்ட் 22-ஐ அதன் பிறந்த நாளாக வைத்து 2004 முதல் கொண்டாடிவருகிறோம். ஆனால் அந்த வாரம் தன் பாட்டுக்கு வந்து போகிறது. பொங்கலுக்குப் பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் நிற்கும் கூட்டம்தான் சென்னையின் உண்மையான முகவரியைச் சொல்கிறது. வாடகையும் உழைப்பும் கேட்டதேயன்றி வேறெதையும் அந்த நகரம் வந்தவரிடம் கேட்கவில்லை. தலைமுறைகளாக அங்கேயே பிறந்து வாழும் வடசென்னை மக்களுக்கும் கடலோரக் குப்பத்தாருக்கும் தம் ஊர்மேல் உள்ள பற்று, மற்றவர்கள் பேசும் சென்னைக்குள் வருவதே இல்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது அந்த நிலை சில நாள் மாறியது. மீனவர்கள் கடலில் ஓட்டும் படகுகளைத் தெருக்களுக்குள் கொண்டுவந்தார்கள். முன்பின் தெரியாதவர்களுக்குப் பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் கல்யாண மண்டபங்களும் கதவைத் திறந்தன. அப்போதுதான் பலருக்கு, இது நம் ஊர் என்ற சொல் வாயில் வந்தது. வெள்ளம் வந்து கேட்டபிறகுதான் அந்த மக்களிடம் கொடுக்க இவ்வளவு இருந்தது என்பது தெரிந்தது. கேட்பதற்கு ஒரு பேரழிவு தேவைப்பட்டதே என்பதுதான் வருத்தம்.

கடலைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்குப் போவோம். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத தீபகற்பம் அது. சுண்ணாம்புக் கல்லுக்கடியில் கிடக்கும் கிணற்று நீரும் பனையும் அதன் ஆதாரம். அந்த மண்ணில் படிப்பே சொத்தானது. 1933-இல் க.மு.செல்லப்பா என்ற ஒருவர் தம் வீட்டில் ஒரு நூல்நிலையத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து அதை வாடகை அறைக்கு மாற்றினார்கள். பிறகு நிதி திரட்டி, திருவிழாபோலக் கண்காட்சி நடத்தி, 1954-இல் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டி, 1959-இல் திறந்தார்கள். ஓலைச்சுவடிகள், பழைய பத்திரிகைகள், வேறெங்கும் கிடைக்காத ஏடுகள் என்று வீட்டுக்கு வீடு இருந்தவை அங்கே வந்து சேர்ந்தன. 1981 மே இறுதி நாளுக்கும் ஜூன் முதல் நாளுக்கும் இடையிலான இரவில் அந்த நூலகம் எரிக்கப்பட்டபோது அங்கே சுமார் 97,000 நூல்கள் இருந்தன. தீயைத் தொலைவிலிருந்து கண்ட தமிழறிஞர் தாவீது அடிகள் அந்த அதிர்ச்சியிலேயே உயிர் நீத்தார்.

எரித்தவர்கள் ஒரு கோட்டையையோ கருவூலத்தையோ தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு நகரத்தின் பெருமை எங்கே குடியிருக்கிறது என்பதை அதை நேசிப்பவரைப்போலவே வெறுப்பவரும் துல்லியமாக அறிந்திருப்பார் என்ற கொடிய உண்மை அந்த இரவில் வெளிப்பட்டது. ஆனால் அவர்கள் அறியாத ஒன்றும் இருந்தது. நூல்கள் எரிந்தன, நூல்களைக் கொண்டுவந்து கொடுத்த பழக்கம் எரியவில்லை. போர் நடந்துகொண்டிருந்த காலத்திலும் பின்னரும் உலகின் பல மூலைகளிலிருந்து யாழ்ப்பாணத்தார் புத்தகங்களைச் சேகரித்து அனுப்பினார்கள். அந்த வெண்ணிறக் கட்டடம் மீண்டும் எழுந்தது. எரிந்த சுவடிகள் திரும்பவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சில இழப்புகளுக்கு ஈடு கிடையாது.

இந்த ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாக நினைத்துப் பார்க்கும்போது, நகரங்களின் குணவேறுபாடு என்று நாம் சொல்வது, கட்டடத்தாலும் உணவாலும் பேச்சு வழக்காலும் ஆன மேற்பூச்சு வேறுபாடு அன்று என்பதும், ஒவ்வொரு நகரமும் தன் மனிதரிடம் நெடுங்காலமாக எதைக் கேட்டுவந்தது, அவர்கள் எதைக் கொடுத்துப் பழகினார்கள், யாரிடம் அது கேட்க மறந்தது அல்லது மறுத்தது என்ற மூன்று இழைகளும் பின்னிப் பின்னி உருவான ஒன்று என்பதும் தெளிவாகிறது. கொடுத்தவன் கொடுத்த இடத்தில் வேர்கொள்கிறான். பெற்றவனோ பெற்றுக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட முடியும். ஆகவே, தன் மக்களுக்குச் சாலையும் விளக்கும் வேலையும் தந்துவிட்டால் அவர்கள் தன்னை நேசிப்பார்கள் என்று எண்ணும் நகரம், வசதிகளைப் பெருக்கிக்கொண்டே போனாலும், வாடிக்கையாளர்களைத்தான் பெருக்குமே தவிரக் குடிமக்களைப் பெருக்காது. அதேபோல், எதையும் கொடுக்காமல் முன்னோர் கொடுத்ததை மட்டும் சொந்தம் கொண்டாடுகிறவனின் ஊர்ப்பற்று, தான் செய்த ஒன்றையும் காட்ட முடியாத காரணத்தால், இன்னோர் ஊரைத் தாழ்த்தியோ புதிதாக வந்தவனைப் பழித்தோதான் தன்னை நிரூபித்துக்கொள்ள வேண்டியதாகிறது. எங்கள் ஊர் என்ற ஒரே சொல் ஒருவர் வாயில் அன்பாகவும் இன்னொருவர் வாயில் மிரட்டலாகவும் ஒலிப்பதன் காரணம், அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கொடை இருக்கிறதா இல்லையா என்பதுதான்.

இதை ஏற்றுக்கொண்டால் நம் இன்றைய நகரங்களைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியாது. கிராமத்தில் கிராம சபை கூடுகிறது. அங்கே ஒருவர் எழுந்து பேசலாம். நகராட்சிகளுக்கு அரசமைப்பில் உரிய இடம் தந்த 74-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தும், தமிழக நகரங்களில் அதுபோன்று மக்கள் கூடும் பகுதி சபைகள் 2022 நவம்பரில்தான் முதல்முறையாகக் கூடின. கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள், நகரத்தில் வாழ்ந்தவரை நகரம் உட்காரவைத்துக் கேட்கவே இல்லை. இப்போது கூடும் சபைகளிலும் எரியாத விளக்கு, அடைத்த சாக்கடை, வராத தண்ணீர் என்று மனுக்களே எழுகின்றன. அவை நியாயமானவை, எழுந்தாக வேண்டியவை. அவற்றோடு, இந்தத் தெருவின் குளத்துக்கு, பள்ளிக்கு, மரத்துக்கு, முதியவருக்கு நாம் எதைப் பொறுப்பேற்கப் போகிறோம் என்ற பேச்சும் அதே மேடையில் எழ வேண்டும்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. இன்று கோவையின் வார்ப்படச் சாலைகளில் உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றும் கைகளில் கணிசமானவை பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவை. திருப்பூரின் தையல் எந்திரங்களுக்கு முன்னாலும், சென்னையின் மெட்ரோ சுரங்கங்களுக்குள்ளும் அவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் சௌராஷ்டிர நெசவாளி மதுரைக்கு வந்ததுபோலத்தான் அவர்களும் வந்திருக்கிறார்கள். அவர்களிடம் நாம் உழைப்பை வாங்குகிறோம், கூலி தருகிறோம், கணக்கு அத்தோடு முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். வாக்காளர் பட்டியலில் பெரும்பாலும் அவர்கள் பெயர் இல்லை, அதனால் பகுதி சபையில் அவர்களுக்கு நாற்காலியும் இல்லை. குளம் தூர்வாரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது வரிசையில் நிற்க விடுகிறோம்; அண்டாவைத் தூக்க ஒரு கை கொடு என்று கேட்பதில்லை. அவர்கள் பிள்ளைகள் நம் மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழ் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். பத்து ஆண்டு கழித்து அந்தப் பிள்ளையிடம் யாராவது எந்த ஊர் என்று கேட்கும்போது என்ன பதில் வரும் என்பது, இந்தப் பத்து ஆண்டுகளில் நாம் அவர்களிடம் என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்திருக்கிறது.